தபசு மரத்து இறக்கம்

கண்ணுகளா, வெள்ளைக்காரன் காலம், இருபத்தாறாம் வருசம் அது. சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அன்றைக்கு எந்த லயத்து வீட்டிலும் அடுப்பெரியவில்லை. ஈப்போவிலிருந்துகூடச் சனம் ரயிலேறி வந்திருந்தது. எல்லாரும் திரௌபதை அம்மன் கோவில் திடலில்தான். கூத்துக்காரன் ஐயாவு தபசு மரத்திலிருந்து இறங்கப் போகிறான்!

ஏறப் போகிறான் இல்லை, இறங்கப் போகிறான். ஏறினதெல்லாம் போன வருசமே முடிந்தது. தவம் போகும் அர்ச்சுனனாக வேசம் கட்டி, நட்ட மரத்து மூங்கில் படிகளில் படிக்கொரு பாட்டாகப் பாடிக்கொண்டே உச்சிக்குப் போய், எலுமிச்சம்பழமும் விபூதியும் வீசினான். இறங்கி வரும்போது, தரைக்கு ஓராள் உயரத்தில் நின்றவனைப் பார்த்துப் பயல்கள், "குதிண்ணே, குதி!" என்று கத்தினார்கள். கைதட்டல் என்றால் ஐயாவுக்கு உயிர். குதித்தான். மரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டையில் முதுகு மோத விழுந்தான்.

முதுகெலும்பு முறிந்து, பத்துகாஜா ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகப் பலகையில் மல்லாந்து கிடந்தான். கால் இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. மனைவி கருப்பம்மாள் தினமும் அவன் பெருவிரலைக் கிள்ளிப் பார்ப்பாள். ஒருநாள், "வலிக்குதுடி, கழுதை!" என்று அவன் கத்தினான். அவள் வார்டே அதிரக் குலவை போட்டுவிட்டாள்.

இப்போது கம்பூன்றி நடக்கிறான். வலது பாதத்துக்கு மட்டும் இன்னும் உணர்ச்சி வரவில்லை. ஆனால் வேசத்துக்காகப் போன வருசம் கட்டின காப்புக்கயிறு இன்னும் மணிக்கட்டில்தான் இருக்கிறது. அர்ச்சுனன் தன் காலால் இறங்கித் தரையில் நின்றால்தான் காப்பை அவிழ்க்கலாம். அவிழ்க்கும்வரை வேறு ஆள் அந்த வேசத்தைத் தொடக்கூடாது. விழுந்தது இறங்கினதாகாது என்று பூசாரி சின்னையா சொல்லிவிட்டார். படி இறங்கலாம், குதிக்க மட்டும் கூடாது என்று டாக்டரும் சொல்லியிருந்தார். இன்றைக்கு இறங்க முடியாவிட்டால் இனி கூத்து தனக்கில்லை என்று ஐயாவுக்கு உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

பீமன் வேசக்காரன் பிச்சைமுத்து அவனைத் தோளில் ஏற்றி, குதித்த அதே படியில் நிறுத்தினான்.

"ஆஸ்பத்திரிச் சோறு நல்லாத்தான் போட்டிருக்கான் மச்சான். இப்ப என் முதுகு போயிரும்போல இருக்கு!"

திடல் சிரித்தது. ஐயாவு மரத்தைக் கட்டிக்கொண்டு வலது காலைக் கீழே விட்டுத் துழாவினான். பாதத்தில் படுவது மூங்கிலா வெறும் காற்றா என்று தெரியவில்லை. முகத்துச் சாயம் வியர்வையில் வழிந்தது.

"மாமா, கொஞ்சம் எடது பக்கம்... ஆங், அதுதான். மிதி!" என்றாள் கருப்பம்மாள்.

மிதித்தான். மத்தளம் முழங்கியது. அந்த வேகத்தில் எவனோ பழைய ஞாபகமாக, "குதிண்ணே!" என்று கத்தித் தொலைத்தான்.

"எவண்டா அவன்? வெளக்கமாறு பிஞ்சிரும்!" என்று கருப்பம்மாள் திரும்பினாள்.

மரத்தில் நின்றபடியே ஐயாவு சிரித்துவிட்டான். சிரித்ததில் பாதிப் பயம் போய்விட்டது. "குதிக்க மாட்டேன்லா! மெதுவாத்தான் வருவேன். பாக்கிறவன் பாரு, போறவன் போ!"

ஒருவரும் போகவில்லை. ஏறுவதற்குத்தான் பாட்டு உண்டு, இறங்குவதற்குக் கிடையாது. அவனே அந்த இடத்தில் ஒன்று கட்டினான்.

"பாதமே வா, பதறாமல் வா,
பூமித் தாயின் மடிக்கு வா!"

சனம் மொத்தமும் அந்த அடியை வாங்கிப் பாட, அவன் படி படியாக வந்தான். கடைசியில் பாதம் மண்ணைத் தொட்டது.

"கருப்பு! சில்லுனு இருக்குடி! வலது காலுக்கும் சில்லுனு இருக்கு!"

அவள் போட்ட குலவையில் மற்றப் பெண்களின் குலவையும் சேர்ந்து ரப்பர் மரங்களைத் தாண்டிப் போனது. சின்னையா காப்பை அவிழ்த்த கையோடு பிச்சைமுத்து தன் மணிக்கட்டை நீட்டினான்.

"எனக்குக் கட்டுங்க சாமி. நான் ஏறுறேன். ஆனா அம்புட்டுப் பாட்டு எனக்கு வராதே!"

"நீ ஏறு மச்சான். கீழ நின்னு நான் படிக்கிறேன்."

கம்பு எங்கே கிடக்கிறதென்றுகூட ஐயாவு பார்க்கவில்லை. கருப்பம்மாள் தோளில் ஒரு கையை வைத்துக்கொண்டு, முதல் படிப் பாட்டை உச்சக் குரலில் எடுத்தான்.