நாற்பதுக்குப் பக்கத்தில் ஒரு மேடு

கருவியின் திரையில் ஓடும் கோட்டில் பிளாட்டினத்தின் உயரமான மேடு. அதற்கு இடப்பக்கம், வரக்கூடாத இடத்தில், இன்னொரு சின்ன மேடு.

"பொட்டாசியம்," என்றார் சார். "வியர்வை. யாரோ வெறுங்கையால தொட்டிருக்காங்க."

யாரோ என்று சொல்லிவிட்டு என்னைத்தான் பார்த்தார். பிளாட்டினப் படிகத்தைக் கருவிக்குள் வைத்தது நான்.

"விடுங்க சார், கையுறைய அவங்க வீட்ல எங்க பாத்திருக்கப் போறாங்க," என்றான் சீனியர். நெட்டையன், ஒட்டகம் என்றுதான் கூப்பிடுவோம். என் அம்மாவுக்கு மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. எங்கள் வீட்டில் கையுறை பார்த்த அளவுக்கு இவன் வீட்டில் கரண்டி பார்த்திருக்க மாட்டான். கோபம் வர வேண்டிய இடம் மரத்துப்போய்க் கிடந்தது.

"திங்கள்லேர்ந்து கருவி தம்பிகிட்ட இருக்கட்டும்," என்றார் சார், ஒட்டகத்தைக் காட்டி.

கருவி இல்லையென்றால் ஆய்வேடு இல்லை. வந்த வழியே வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

"அதுவரைக்கும் என்கிட்டதானே சார்?"

"என்னமோ பண்ணு."

நாங்கள் செய்வது இவ்வளவுதான்: ஹீலியம் அயனிகளை உலோகத்தின் மேல் எறிகிறோம். மேலடுக்கில் எந்த அணுவில் மோதுகிறதோ, அதன் எடைக்கேற்ற ஆற்றலோடு அயனி திரும்பி வரும். பொட்டாசியத்தின் எடை முப்பத்தொன்பது, கால்சியத்துக்கு நாற்பது. எங்கள் கருவிக்கு இரண்டும் ஒரே மேடு. சாருக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் பழி போட என் விரல் பக்கத்திலேயே இருந்தது.

ஆர்கான் அயனிகளால் அடித்து மேற்பரப்பைச் சுரண்டினேன். மேடு போய்விட்டது. வியர்வை என்றால் கதை அதோடு முடிந்திருக்க வேண்டும். படிகத்தைச் சிவக்கச் சூடேற்றி ஆறவிட்டுப் பார்த்தேன். மேடு திரும்ப வந்து உட்கார்ந்திருந்தது. மறுபடி சுரண்டினேன், மறுபடி சூடேற்றினேன். மறுபடி வந்தது. வெளியிலிருந்து ஒட்டியதல்ல, உள்ளேயிருந்து ஏறி வருகிறது. பிளாட்டினத்தில் கலந்தே வரும் கால்சியம். மலிவாகக் கிடைக்கிறதென்று இந்தப் படிகத்தை வரவழைத்தவர் சார். தவிர, சோடியத்தின் மேடு ஆரம்பத்திலிருந்தே இல்லை. உப்பில்லாமல் எவளுக்கு வியர்க்கும்?

திங்கட்கிழமை எல்லாவற்றையும் காட்டினேன். சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"ம். கால்சியம்தான்." கொஞ்சம் பொறுத்து, "நல்லா வந்திருக்கே, கட்டுரையா போட்டுடலாம். தம்பி, நீ எழுத ஆரம்பி."

"அப்ப நான் சார்?" என்றேன்.

"கருவி உன்கிட்டயே இருக்கட்டும்மா. இந்த மாதிரி வேலைக்கெல்லாம் உன் பொறுமைதான் சரி."

ஒட்டகம் மேடுகளின் படங்களைத் தன் கணினிக்கு அனுப்பச் சொன்னான். அனுப்பினேன். பிறகு வராந்தாவுக்கு வந்து அம்மாவைக் கூப்பிட்டேன்.

"என்னடி, கருவி என்னாச்சு?"

"என்கிட்டதாம்மா. என் கை சுத்தம்னு ஒத்துக்கிட்டாங்க."

"அத ஒத்துக்க வைக்கவா இத்தனை வருஷம் படிச்ச?"

அவள் பக்கம் சலவை இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, என் பக்கம் கருவியின் வெற்றிட பம்ப்.