கிமோனோ கட்டிய முனியராஜ்

எங்கள் முதலாளி லட்சுமிகாந்தம் அண்ணாச்சியிடம் எதையாவது முடியாது என்று சொல்லிவிட்டால் போச்சு. அன்றைக்கே அதைச் செய்து காட்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. சிவகாசியில் அவருடைய அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து டிசைன் போடுகிற எனக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தும் வாயைக் கொடுத்தேன்.

உலக ஆண்களின் பாரம்பரிய உடைகள் என்று பள்ளிக்கூடச் சுவரில் மாட்டுகிற சார்ட் ஒன்றுக்கு வடக்கே இருந்து பெரிய ஆர்டர் வந்திருந்தது. இணையத்தில் கிடைக்கிற படங்களை எடுத்துப் போட்டால் கேஸ் போடுவார்கள், முடியாது என்றேன்.

"அப்ப நம்ம ஆளுகளுக்கே உடுத்தி போட்டோ எடுப்போம். உடைதான பாடம்? மூஞ்சிக்கா மார்க் போடப் போறாக?" என்றார் அண்ணாச்சி.

மழை பெய்து பட்டாசு கம்பெனிகள் ஓடாத ஒரு நாளில் படம் எடுத்தோம். கட்டம் போட்ட துணியைக் கொசுவம் வைத்துத் தைத்து மெஷின்மேன் சங்கிலிமுத்துவை ஸ்காட்லாந்துக்காரர் ஆக்கினோம். சவூதியிலிருந்து திரும்பிய ஒருவரின் வெள்ளை அங்கி அரபு நாட்டுக்கு ஆயிற்று. பர்மாவுக்குக் கைலியே போதும். இந்தியாவுக்கு ஷெர்வானி போடச் சொல்லியிருந்தது வடக்கத்திக் கம்பெனி. அண்ணாச்சி அதைக் காதில் வாங்காமல், தானே எட்டு முழ வேட்டியும் தோளில் துண்டுமாக வந்து நடுவில் நின்றுகொண்டார். அதைக் கேட்க யாருக்குத் தைரியம்?

ஜப்பான்காரர் என் வீட்டுக்காரர் முனியராஜ். தாயில்பட்டியில் பட்டாசு கம்பெனியில் வேலை. முன்பக்கம் ஒன்றின்மேல் ஒன்று மடித்துக் கட்டுகிற அந்தக் கிமோனோ அங்கி மட்டும் அசல். என்னோடு பள்ளியில் படித்த பெர்சிஸ் ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸாக இருக்கிறாள். அங்கே ஒரு பெரியவர் கொடுத்ததை எனக்கு அனுப்பியிருந்தாள். முனியராஜ் துணியை விரலால் கசக்கிப் பார்த்தார்.

"பருத்திதான? நைலான்னா நான் தொட மாட்டேன்."

நைலான் உரசினால் பொறி வரும் என்று கம்பெனிக்குள் அதை விடமாட்டார்கள். அந்தப் பழக்கம் வெளியிலும் அவரை விடவில்லை. பருத்திதான் என்றதும் உடுத்தினார். எப்படி உடுத்த வேண்டும் என்று வீடியோவில் பெர்சிஸ் சொன்னாள். "இடது பக்கம் மேல வரணும் அண்ணே, மறந்துராதீக." நிமிர்ந்து நின்றார் பாருங்கள், எனக்கே கண் பட்டுவிடும் போலிருந்தது.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. காலண்டரோ சார்ட்டோ, ஓரத்தில் நிற்கிறவர்கள் நடுவைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். வெளியே பார்த்தால் படம் விளங்காது என்பார்கள். முனியராஜ் வலது ஓரத்துக் கட்டத்தில் வெளிப்பக்கம் பார்த்து நின்றார். எத்தனையோ படங்களுக்குச் செய்வதுபோல அவரையும் கம்ப்யூட்டரில் இடம் வலமாகத் திருப்பிப் போட்டேன். கண்ணாடியில் தெரிகிற மாதிரி ஆகிவிடும், அவ்வளவுதான். அண்ணாச்சியும் பார்த்து நல்லாயிருக்கு என்றார். மெஷின் ஓட ஆரம்பித்தது.

முதல் தாள்கள் வந்ததும் ஒன்றைப் படம் பிடித்துப் பெருமையாகப் பெர்சிஸுக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"ஏ பொன்மணி, அண்ணனுக்கு வலது பக்கம் மேல வந்துருக்கு. என்ன செஞ்ச?"

"ஓரத்துல நிக்காருல்ல, திருப்பிப் போட்டேன். அதுக்கென்ன?"

"இங்கன செத்தவுகளுக்குத்தான் அப்பிடி உடுத்துவாக. நானே இந்தக் கையால எம்புட்டுப் பேருக்கு உடுத்தி விட்டுருக்கேன். அதான் அண்ணனப் பாத்ததும் திக்குன்னு ஆயிருச்சு."

என் கையால் என் புருசனுக்குப் பிண உடுப்புப் போட்டு, நாடு முழுக்கத் தொங்கவிடப் போகிறேனா? அதுவும் பட்டாசு வேலைக்குப் போகிற மனிதருக்கு? போனைப் போட்டுவிட்டு மெஷின் அறைக்கு ஓடினேன். சங்கிலிமுத்து அண்ணன் என்ன ஏது என்று கேட்பதற்குள் சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டேன்.

மெஷின் சத்தம் நின்றால் அண்ணாச்சிக்குத் தூக்கத்திலும் தெரியும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "எவன்லே நிறுத்துனது?"

"நான்தான் அண்ணாச்சி." விஷயத்தைச் சொன்னேன்.

கேட்டுவிட்டுச் சிரித்தார். "நான் என்னமோ ஏதோன்னு பயந்துட்டேன். வாசல்ல லாரி நிக்கி. லோடு இன்னைக்குப் போயாகணும். ஜப்பான்காரனா வந்து பாக்கப் போறான்? இங்கன யாருக்குத் தாயி தெரியும்?"

எனக்கு வந்ததே கோபம். "அப்படியா? உங்க போட்டோவப் போட்டு, மேல கண்ணீர் அஞ்சலின்னு பெரிசா அடிச்சு ஜப்பானுக்கு அனுப்புவோம். அங்கன யாருக்கும் தமிழ் தெரியாது. சம்மதமா அண்ணாச்சி?"

சங்கிலிமுத்து அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். இந்த ஊரில் யார் இறந்தாலும் கண்ணீர் அஞ்சலி சுவரொட்டி எங்கள் அச்சகத்தில்தான் அடிப்பார்கள். போன வருஷம் ஒரு வெடிவிபத்து நடந்தபோது ஒரே நாளில் எத்தனை முகங்களுக்கு நான் டிசைன் போட்டேன் என்று அண்ணாச்சிக்குத் தெரியும்.

"வாயக் கழுவு பொன்மணி," என்றார். ஆனால் குரலில் வேகம் இல்லை. கீழே கிடந்த தாள் ஒன்றை எடுத்து, வேட்டி கட்டி நிற்கிற தன்னையும் கிமோனோவில் நிற்கிற முனியராஜையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சங்கிலிமுத்துவிடம் திரும்பினார்.

"அடிச்ச அம்புட்டையும் வெட்டிப் போடு. ஒரு தாளு வெளிய போகக்கூடாது. லாரிக்காரன நாளைக்கு வரச் சொல்லு. நம்ம ஆளு உசிரோடதான இருக்கான், உசிரோட இருக்க மாதிரியே போடு."

ஸ்காட்லாந்துக்காரர் நேராகப் பார்த்து நின்றதால் எந்த ஓரத்திலும் வைக்கலாம். அவரை வலப்பக்கம் கொண்டுவந்து, முனியராஜைத் திருப்பாமல் இடப்பக்கம் வைத்தேன். புது அச்சுப் பிளேட் போட்டு மெஷின் மறுபடி ஓடியது. முதல் தாளில் இடது பக்கம் மேலே வந்திருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

சாயங்காலம் கம்பெனி வேன் வந்து நிற்கிற இடத்துக்கே போய்விட்டேன். கையில் பட்டாசு மருந்து மினுமினுக்க முனியராஜ் இறங்கினார். வீடு போகும்வரை பொறுக்காமல் அங்கேயே எல்லாவற்றையும் கொட்டினேன். வேனில் இருந்தவர்களும் எட்டிப் பார்த்துக் கேட்டார்கள்.

"மெஷின நீயா நிறுத்துன?" என்றார்.

"ஆமா."

"அண்ணாச்சி மெஷினயா?"

"எந்த மெஷினா இருந்தா என்ன? நிறுத்தாம வேடிக்க பாப்பனா?"

அவர் வேனைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கிமோனோவில் நின்றபோதுகூட அப்படி நிமிரவில்லை.

"கேட்டீகளா? வெடிச் சத்தம் கேட்ட பெறகு கம்பெனி வாசலுக்கு ஓடியாற பொம்பளைகளத்தான் நாம பாத்துருக்கோம். எம் பொண்டாட்டி முன்னாலயே ஓடிப்போயி நிறுத்திட்டா."

யாரும் சிரிக்கவில்லை. வேனுக்குள்ளிருந்து செல்வலட்சுமி அக்கா இறங்கி வந்தார். போன வருஷம் அப்படி வாசலுக்கு ஓடியவர்களில் அவரும் ஒருவர்; அவர் புருசனின் கண்ணீர் அஞ்சலியும் நான் டிசைன் போட்டதுதான். என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் படத்துல ஒண்ணு எனக்குக் குடு தாயி. வீட்டுல மாட்டணும்."