சரஸ்வதியம்மாள் சேலை கட்டிய பொம்மை

வாளையாருக்குப் பக்கத்தில் இருந்த அந்த மருத்துவக் கல்லூரியில், நின்றுபோன இதயத்தை நெஞ்சில் அமுக்கி ஓடவைக்கப் பழகுவதற்கென்று ஒரு பட்டாளம் பொம்மைகள் உண்டு. அத்தனையும் ஆம்பளை. பெற்றவள் எவளோ கோயில் கோயிலாகச் சுற்றி, ஆண் வாரிசாகவே வரம் வாங்கியிருக்க வேண்டும். நெஞ்சு ஒவ்வொன்றும் களத்துமேடு. நெல்லைக் கொட்டிக் காயப்போடலாம்.

பாடம் எடுத்த செல்வப்பிரியாவுக்கு இது பொறுக்கவில்லை. "பொம்பளை விழுந்தா இந்தப் பசங்க கை தயங்கும். தயங்கினா உசுரு போயிரும் சார்" என்று பிரின்சிபல் தனபாலிடம் அவள் ஏறி இறங்கியதில் மாடிப்படி பாதியாய்த் தேய்ந்தது.

கடைசியில் தானே இலவம்பஞ்சு அடைத்து ஒரு பொம்மைக்கு மார்பு தைத்தாள். ரவிக்கையும் சேலையும் பசங்க ஹாஸ்டல் கேன்டீன் சரஸ்வதியம்மாள் கொடுத்தது.

"ஏனுங் அம்மிணி, என்ற சீலையக் கட்டுனதும் பொம்மைக்கே களை வந்துருச்சு பாருங்க!"

வகுப்பு சிரித்த சிரிப்பில் வாளையார் செக்போஸ்ட்டில் நிற்கும் லாரியெல்லாம் தானாகக் கிளம்பியிருக்கும். முதல் மாணவன் தங்கதுரை கையை நீட்டினான்; சேலையில் படுமுன்னே சூடுபட்டதுபோல் இழுத்துக்கொண்டான்.

"மேடம், அக்கா முறையாகுதுங்க!"

வேடிக்கை பார்க்க வந்திருந்த சரஸ்வதியம்மாள் விடவில்லை. "ஏன் சாமி, என்ற தோசையப் பிடுங்கித் திங்கறப்ப வராத கூச்சம், பஞ்சத் தொட வருதாக்கும்?"

அன்றைக்கே தனபால் கூப்பிட்டுவிட்டார். "ஏனுங்க டாக்டர், இது காலேஜுங்களா, கூத்துக் கொட்டகைங்களா? நெஞ்சுன்னா நெஞ்சுதானுங்க. அதுல ஆம்பளை என்ன, பொம்பளை என்ன?"

பொம்மை சேலையோடு பீரோவுக்குள் போனது.

அடுத்த வாரம், கேன்டீனில் காலை டிபன் கூட்டத்தில், தோசைக்கல்லுக்கு முன்னால் சரஸ்வதியம்மாள் அப்படியே சாய்ந்தாள். சுற்றிலும் நாளைய டாக்டர்கள். ஒரு ஜில்லாவுக்கே வைத்தியம் பார்க்கலாம். ஒருத்தன் விசிறினான். ஒருத்தன் தண்ணீர் தெளித்தான். தங்கதுரை மண்டியிட்டு, மூச்சில்லை, நாடியில்லை என்று சரியாகவே கண்டுபிடித்தான். கையை நீட்டினான். கை அந்தரத்தில் நின்றது.

"யாராச்சும் லேடீஸக் கூப்பிடுங்கடா!"

லேடீஸ் ஹாஸ்டல் கல்லூரியின் அந்தக் கோடியில் இருந்தது. செய்தி போய், அங்கிருந்து செல்வப்பிரியா செருப்பில்லாமல் ஓடி வந்து அமுக்க ஆரம்பித்தாள். வளையல் உடைந்து கையைக் கிழித்தது. நிறுத்தவில்லை. ஆம்புலன்ஸில் வந்தவர்தான் அவள் தோளைத் தொட்டு, "போதும் மேடம்" என்றார்.

தங்கதுரை தேம்பிக்கொண்டிருந்தான். "மரியாதையாத்தான் பாத்துக்கிட்டோமுங்க மேடம். மாராப்புக்கூட விலக விடலைங்க."

அவனை அடிக்க ஓங்கிய செல்வப்பிரியாவின் கை அவள் நெஞ்சிலேயே விழுந்தது.

அந்த மாதப் பரீட்சையில் களத்துமேட்டு நெஞ்சை அமுக்கி எல்லோரும் பாஸ். தங்கதுரைதான் முதல். தனபால் இனிப்பு கொடுத்தார்.

சேலையை சரஸ்வதியம்மாளின் மகளிடம் திருப்பிக் கொடுக்கலாம் என்று செல்வப்பிரியா பீரோவைத் திறந்தாள். பொம்மையின் மேல் அவள் கட்டிவிட்டது கட்டிவிட்டபடியே இருந்தது. ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை.