அப்பாவுக்கு வந்தது

சின்னவரின் குதிகாலில் இருந்த கறுப்புப் புள்ளியை முதலில் பார்த்தது அவர் மனைவி. சின்னவருக்கு லிஃப்ட் பழுது பார்க்கும் வேலை. கிரீஸ் கறை என்று சொல்லியே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டார். அது எந்தச் சோப்புக்கும் போகவில்லை. ஓரம் ஒழுங்கில்லாமல் பரவி, நடுவில் கசிய ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒரு துண்டு வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். மெலனோமா என்று முடிவு வந்தது. தோலில் வருகிற கேன்சர்.

"உங்க குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்திருக்கா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"அப்பாவுக்குக் கால்ல ஒரு புண் இருந்துச்சு. ஆறவே இல்லை. அதுலயே போயிட்டார். சுகர் புண்ணுன்னு சொன்னாங்க."

"வெட்டி டெஸ்ட் பண்ணாங்களா?"

"இல்லை."

"அப்ப அது என்னன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது. பாதத்துல வர்றது பெரும்பாலும் குடும்ப வழியா வர்றதில்லை. ஆனாலும் பெத்தவங்க, கூடப்பிறந்தவங்கள்ல ஒருத்தருக்கு மெலனோமா இருந்தா மத்தவங்களுக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான். உங்க பிள்ளைங்க, கூடப்பிறந்தவங்க எல்லாரும் ஒரு தடவை வந்து காட்டட்டும். பாதம், விரல் இடுக்கு, நகம், எல்லாத்தையும். சீக்கிரம் கண்டுபிடிச்சா வெட்டி எடுத்துடலாம்."

மகள் அந்த வாரமே போய்க் காட்டினாள். ஒன்றுமில்லை என்றார்கள். மிச்சம் இருந்தது அண்ணன் மட்டும்.

அண்ணனோடு பேச்சு நின்று பல வருஷம் ஆகியிருந்தது. பெரியவர் சலூன் வைத்திருந்தார். அப்பா கடைசிக் காலத்தில் இருந்தது அவர் வீட்டில்தான். காலையில் கடைக்குக் கிளம்பும் முன்பும், திரும்பி வந்த பிறகும், அப்பாவின் காலை மடியில் தூக்கி வைத்துப் புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டவர் அவர். சீழ் நாற்றத்தில் வீடே மூக்கைப் பொத்தியபோதும் அவர் முகம் சுளித்ததில்லை. அப்பா போன அன்று, உடலை இன்னும் எடுக்காத நேரத்தில், சொந்தக்காரர்கள் எல்லாரும் கேட்கும்படி சின்னவர் கத்தினார்: "கத்தரி பிடிக்கிற கை வைத்தியம் பார்த்தா இப்படித்தான் ஆகும்! பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தா மனுஷன் இருந்திருப்பார்!"

நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது. பெரியவர் அன்றோடு தம்பியிடம் பேச்சை விட்டார்.

இப்போது சின்னவர் கூப்பிடக் கூப்பிட அவர் போனை எடுக்கவில்லை. கடைசியில் சின்னவர், அண்ணன் வீட்டு எண்ணுக்கு அடித்தார். அண்ணி எடுத்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் குரல் தாழ்ந்தது.

"தம்பி, அவருக்கு இடது கால் பெருவிரல் நகம் கறுத்துப் போயிருக்கு. சுழல் நாற்காலி விழுந்துச்சுங்கிறார். அடிபட்டதுன்னா நகம் வளர வளர கறுப்பு நகர்ந்து போகணும்ல? இது அகலமாயிட்டே வருது. இப்ப வீட்டுக்குள்ளயும் சாக்ஸ் போட்டுட்டுத்தான் நடக்கிறார்."

மறுநாள் மதியம், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து, சின்னவர் நொண்டிக்கொண்டே சலூனுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவரை எழுப்பி அனுப்பும் வழக்கம் பெரியவருக்கு இல்லை. துணியை உதறித் தம்பியின் கழுத்தில் கட்டினார். பின்னால் பெஞ்சில் ஒருவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"பக்கம் குறைக்கவா, அப்படியே விடவா?"

"அண்ணே, எனக்குக் கால்ல கேன்சர்."

கத்தரி நின்றது. கண்ணாடியில் இருவர் கண்களும் சந்தித்தன.

"எந்தக் கால்?"

"வலது."

"வலிக்குதா?"

"இல்லை. வலிக்காததுனாலதான் விட்டுட்டேன்."

பெரியவர் தம்பியின் உச்சந்தலையில் ஒரு நிமிஷம் கையை வைத்திருந்தார். பிறகு, "குனி," என்றார்.

சின்னவர் குனிந்தபடியே சொன்னார்: "கூடப்பிறந்தவங்களும் காட்டணும்னு டாக்டர் சொல்றாங்க. அப்பாவுக்கு இருந்ததும் ஒருவேளை இதுவா இருந்திருக்கலாமாம்."

"ஓ." கத்தரி மறுபடி ஓடத் தொடங்கியது. "அன்னைக்கு வாயால சொன்னே. இன்னைக்கு ஆஸ்பத்திரிலயே எழுதி வாங்கிட்டு வந்துட்டியா, நான்தான் கொன்னேன்னு?"

"ஐயோ, அதுக்கு வரலைண்ணே. உன் நகத்தைக் காட்டு. ஒரே ஒரு தடவை."

"அவ சொன்னாளாக்கும். நாற்காலி விழுந்துச்சு. அவ்வளவுதான்."

பேப்பர்க்காரர் வெகுநேரமாகப் பக்கம் புரட்டவில்லை. பெரியவர் வேலையை அரைகுறையாக விடவில்லை. இரண்டு பக்கமும் சமமாக வெட்டி, பிடரியைச் சிரைத்து, பவுடர் தட்டி, துணியை அவிழ்த்தார்.

"எழுந்திரு. ஆள் காத்திருக்காங்க."

"எனக்கு ஒண்ணும் அவசரமில்லைங்க," என்றார் பேப்பர்க்காரர்.

"எனக்கு இருக்கு," என்றார் பெரியவர்.

அதற்குப் பிறகு சின்னவர் செய்யாதது இல்லை. மகளை விட்டுப் பேசச் சொன்னார். பெரியப்பா சிரித்து மழுப்பினார்: "உங்கப்பனுக்குக் கால்ல வந்தது எனக்குக் காதுல வந்துடுச்சு போல. நீ பேசறது ஒண்ணும் கேக்கலையேம்மா." அண்ணி, அவர் அசந்து தூங்கும்போது சாக்ஸை உருவப் பார்த்தாள். விழித்துக்கொண்டவர் ஒரு வாரம் அவள் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை.

இதற்கிடையில் சின்னவருக்கு ஆபரேஷன் நடந்தது. குதிகாலில் ஆழமாக வெட்டி எடுத்து, தொடைத் தோலை வைத்துத் தைத்தார்கள். தொடையிடுக்கில் ஒரு நெறிக்கட்டியை எடுத்துப் பார்த்ததில் அங்கேயும் நோய் போயிருந்தது. இனி மருந்து ஏற்றிப் பார்க்கலாம் என்றார்கள். பார்க்கலாம் என்பதற்கு மேல் யாரும் வாய் திறக்கவில்லை.

ஒரு மாலை, நர்ஸ் கட்டுப் பிரிக்கிற நேரத்தில் பெரியவர் வந்து கட்டிலருகே நின்றார்.

"நனைச்சுட்டு எடுங்கம்மா. காஞ்ச துணியைப் பிய்ச்சா சதையும் சேர்ந்து வரும்."

"அதைத்தாங்க செய்யப் போறேன்," என்றாள் நர்ஸ்.

அவள் போனதும் பெரியவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தம்பியின் போர்வையைச் சரிசெய்தார்.

"அன்னைக்கு நான் பேசினது தப்புண்ணே. அப்பாவுக்கு வந்தது என்னன்னு டாக்டருக்கே தெரியலை."

"தெரியாமலே இருக்கட்டும்."

"இதே கட்டடத்துல, கீழ் மாடிலதான் பார்க்கிறாங்க. இப்பவே போய்க் காட்டு. அஞ்சு நிமிஷ வேலை."

பெரியவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு இருக்கிறது அதுதான்னு சொல்லிட்டாங்கன்னு வை. அப்ப அப்பாவுக்கும் அதேதான்னு ஆயிடும். தினமும் ரெண்டு வேளை கழுவித் துடைச்சு, ஆறிட்டு வருதுப்பான்னு அவர்கிட்ட சொன்னவன்டா நான். அவரும் நம்பினார்."

"அப்பாவுக்கு இனிமே என்ன ஆகப்போகுதுண்ணே? உனக்கு ஆகும்."

"ஆகட்டும்."

"அண்ணிக்கு யார் பதில் சொல்றது?"

பெரியவர் ஸ்டூலைப் பின்னுக்குத் தள்ளினார். எழுந்து சட்டையை நீவிக்கொண்டார். "நல்லாச் சாப்பிடு. ஞாயித்துக்கிழமை வந்து ஷேவ் பண்ணிவிடறேன், காடு மாதிரி கிடக்கு," என்று தம்பியின் தாடையைத் தடவிவிட்டு நடந்தார். இடது காலைச் சற்றுச் சாய்த்துத்தான் வைத்தார்.

சின்னவர் எழுந்திருக்கப் பார்த்தார். கால் கட்டிலோடு உயர்த்திக் கட்டப்பட்டிருந்தது. "அண்ணே!" என்று கூப்பிட்டார். பலமாக இன்னொரு முறை கூப்பிட்டார்.

"அவர் போயிட்டார்ங்க," என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.