உள்ளே விட்ட துணி

படிக்க ஆசைப்படுகிறவளுக்கு உதவ உலகமே காத்துக் கிடக்கிறது என்று யாராவது சொன்னால் தையல்காரிக்குச் சிரிப்புதான் வரும். மகளுக்காக அவள் ஏறி இறங்காத படி இல்லை. மகளுக்குச் சமுதாயக் கல்லூரியில் எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு, இரண்டு வருடம். அரசாங்க உதவித்தொகைக்குப் போனால், உன் சம்பளம் வரம்பைத் தாண்டுகிறது என்றார்கள். வங்கிக்குப் போனால், உன் சம்பளம் கடனுக்குப் போதாது என்றார்கள். ஒரே சம்பளம்தான். ஓரிடத்தில் பணக்காரி, இன்னோரிடத்தில் பஞ்சப் பரதேசி.

அவளுக்கு வேலை ஒரு சலவைக்கடையின் பின்னறையில். பேன்ட் காலைக் குறைப்பது, இடுப்பைப் பிடிப்பது, பிய்ந்த ஜிப்பை மாற்றுவது. புருஷன் எப்போதோ கைகழுவிவிட்டுப் போனவன். மிச்சம் இந்த ஒரே பெண். சின்ன வயதில் ஓரிடத்தில் நிற்காமல் ஆடியதால் 'வாலு' என்று கூப்பிட ஆரம்பித்து, வளர்ந்த பிறகும் அதுவே நிலைத்துவிட்டது.

முதல் வருடம் எப்படியோ ஓடியது. இரண்டாம் வருடக் கட்டணத்துக்கு வழியில்லாமல் முழித்தபோது, கல்லூரி அலுவலகத்தில் ஒருவர் ஒரு பெயின்ட் கடைக்காரரைப் பற்றிச் சொன்னார். அவருடைய ஒரே மகள் இதே படிப்பில் பாதியில், காய்ச்சலில் போய்விட்டாள். அவள் விட்டுப்போன படிப்பை இன்னொரு பெண்ணாவது முடிக்கட்டும் என்று அவர் மனைவி பருவத்துக்குப் பருவம் கட்டணம் கட்டத் தயாராக இருக்கிறார். விண்ணப்பம் கிடையாது, மார்க் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் போய் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

"சாப்பாடும் போட்டு ஃபீஸும் கட்டுறாங்களா? நம்ம ராசிக்கு இதெல்லாம் நடக்காதே" என்றாள் தையல்காரி. நடந்தது.

முதல் ஞாயிறு போய்விட்டு வந்த வாலு கையில் ஒரு பை. உள்ளே இறந்த பெண்ணின் சட்டைகள், கவுன்கள், ஆய்வறைக்குப் போடும் வெள்ளைக் கோட்டு.

"செத்தவ துணி எனக்கு எதுக்கும்மா? உடம்பெல்லாம் கூசுது" என்றாள். "அந்தம்மா அழுதுக்கிட்டே குடுத்தாங்க. வேணாம்னு சொல்ல முடியல."

"படிப்பு முடியிற வரைக்கும் போடு. முடிஞ்சதும் துவைச்சு, இஸ்திரி போட்டு, கையோட திருப்பிக் குடுத்துடலாம். அடுத்தவங்க பொருள் நமக்கு வேணாம்."

எல்லாமே தொளதொளவென்று இருந்தன. இறந்தவள் பூசினாற்போல் இருந்திருக்கிறாள், வாலு குச்சி. தையல்காரி ஒவ்வொன்றாகப் பழைய தையலைப் பிரித்து, இரண்டு பக்கமும் உள்ளே பிடித்துத் தைத்தாள். மிஞ்சுகிற துணியை வெட்டி எறிந்தால்தான் உள்ளே உறுத்தாது. அவள் வெட்டவில்லை. அப்படியே உள்ளே மடித்துவிட்டாள். திருப்பிக் கொடுக்கும்போது பிரித்துப் பழையபடி ஆக்கிவிடலாம் என்று கணக்கு.

ஞாயிறோடு புதனும் சேர்ந்துகொண்டது. பிறகு தேர்வு வந்தால் அங்கேயே தங்கல். கல்லூரி அங்கிருந்து பக்கமாம். 'அந்தம்மா' மெல்ல 'ஆன்ட்டி' ஆனாள். ஆன்ட்டி வீட்டில் தனி மேஜை, ஆன்ட்டி வீட்டில் வெந்நீர் குழாயிலேயே வரும். தையல்காரிக்கு வயிற்றெரிச்சல்தான். பொறாமைப்பட அவளுக்குக் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது, இருந்தாலும் பட்டாள்.

கடைசிப் பருவத்துக்கு முன்னால் அந்தம்மாளே சலவைக்கடைக்கு வந்துவிட்டாள். பின்னறையில், நூல் குப்பைக்கு நடுவே ஸ்டூலில் உட்கார்ந்து, "உங்க பொண்ணு எங்க வீட்டுலயே இருந்து படிக்கட்டுமே. பாப்பாவோட ரூம் சும்மாதானே கிடக்கு" என்றாள்.

தையல்காரி மிஷினை நிறுத்தவில்லை. "ஞாயித்துக்கிழமைக்குத்தானே பேச்சு? நான் என் பொண்ணை வாடகைக்கு விடலீங்க."

வந்தவள் முகம் செத்துவிட்டது. எழுந்து போனாள். நறுக்கென்று கேட்டுவிட்டோம் என்று தையல்காரிக்கு அன்று முழுக்கப் பெருமை தாங்கவில்லை.

பெருமை கட்டணத் தேதி வரைக்கும்தான் நின்றது. பணம் வரவில்லை.

"பேரை எடுத்துடுவாங்களாம்" என்று வாலு வந்து நின்றாள். "இன்னும் ஒரே ஒரு பரீட்சைம்மா. அவங்ககிட்ட நீ என்ன சொன்ன?"

தையல்காரி செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கீழே கடை, மேலே வீடு. பெயின்ட் கடைக்காரர் ஒரு டப்பாவைக் குச்சியால் கலக்கிக்கொண்டிருந்தார். "நாங்க வஞ்சம் வைக்கிற ஆளுங்க இல்லம்மா" என்றார், தலை நிமிராமல். "ஃபீஸ் விஷயமெல்லாம் அவதான் பார்ப்பா. நீங்க பேசினதிலேர்ந்து அவ படுக்கையை விட்டு எழுந்திருக்கவே இல்ல."

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே தையல்காரி மாடிப்படி ஏறினாள்.

அந்தம்மாள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கட்டில் ஓரத்தில் நின்றபடி தையல்காரி சொன்னாள்: "தெரியாம பேசிட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க." பிறகு சொன்னாள்: "பரீட்சை முடியிற வரைக்கும் அவ இங்கயே இருக்கட்டும்."

அந்தம்மாள் எழுந்தாள். போய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள். வந்ததும் முதலில் கேட்டது: "ராத்திரி படுக்கும்போது பால் குடிப்பாளா?"

"குடிப்பா. சக்கரை கம்மியாப் போடணும்."

அதைச் சொன்னபோதுதான் தையல்காரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மறுநாள் கட்டணம் கட்டப்பட்டது.

தேர்வு நெருங்கும் சமயம் வாலு அதே பையோடு பின்னறைக்கு வந்தாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது. நல்ல நிறமாகக்கூட ஆகியிருந்தாள்.

"வாடி வாலு. வழி தெரிஞ்சுதா?"

"ஐயோ, இன்னும் என்னம்மா வாலுன்னுக்கிட்டு." சிரித்துக்கொண்டே பையைக் கவிழ்த்தாள். "எல்லாம் இறுக்குது. அம்மா பிரிச்சு வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

தையல்காரி டேப்பை எடுத்தவள் அப்படியே நின்றாள். "எந்த அம்மா?"

வாலு நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அவங்கதான். சீக்கிரம்மா, வெளியே கார் நிக்குது."

மகளின் இடுப்பைச் சுற்றி டேப்பைப் பிடித்தாள். பிறகு கவுனைத் திருப்பி, தான் போட்ட தையலை பிளேடால் கீறிப் பிரித்தாள். மடித்து வைத்திருந்த துணி விரிந்தது. வெயில் படாததால் அது மட்டும் புதுசாக இருந்தது. அதன் ஓரத்தில் பழைய தையலின் ஊசி ஓட்டைகள் வரிசையாகத் தெரிந்தன. டேப்பை வைத்துப் பார்த்தாள். புதிதாகக் கோடு போட வேண்டிய வேலையே இல்லை. இறந்தவளுடைய அளவு. அந்த ஓட்டைகளின் மேலேயே மிஷினை ஓட்டினாள். இரண்டு தடவை நூல் அறுந்தது.

வாலு போட்டுப் பார்த்தாள். கச்சிதமாக இருந்தது. கண்ணாடி முன்னால் அப்படியும் இப்படியும் திரும்பினாள். வெளியே கார் ஹாரன் அடித்தது. "பாப்பா!" என்று ஒரு குரல்.

"வரேம்மா!" என்று ஜன்னல் பக்கம் குரல் கொடுத்துவிட்டு, துணிகளை அவசரமாகப் பையில் அடைத்தாள்.

தையல்காரி பையின் ஒரு காதைப் பிடித்துக்கொண்டாள். "பரீட்சை முடிஞ்சதும் எல்லாத்தையும் கொண்டு வாடி. துவைச்சு, இஸ்திரி போட்டுத் திருப்பிக் குடுத்துடலாம்."

வாலுவுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "எதுக்கும்மா?" என்றாள். "இது என் துணிதானே?"