மலைமஞ்சளுக்கு ஒரு கிராப்

பதினோரு வருடமாக நான் இந்த மருத்துவமனையில் தற்காலிகத் தோட்டக்காரி. தற்காலிகம் என்பதற்கு இத்தனை ஆயுள் உண்டென்று என்னைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முழங்கால் இரண்டும் ஓய்வு கேட்க ஆரம்பித்துவிட்டன; நிரந்தர உத்தரவு மட்டும் வந்தபாடில்லை.

இந்த முறை வரும் என்றார்கள். புதிதாக வந்திருக்கும் பெரிய அதிகாரி, குளிர் முடியும் வாரத்தில் தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவாராம். எனக்கு உள்ளூர ஒரு தெம்பு. அந்த வாரத்தில்தான் வாசல் வேலியில் மலைமஞ்சள் பூக்கும். பெயர் அட்டையில் வாயில் நுழையாத ஒரு பெயர் இருக்கிறது. மலையிலிருந்து வந்த செடி, மஞ்சளாகப் பூக்கிறது, எங்களுக்கு அது போதும். பென்சில் நீளக் குச்சிகளாக நட்டு நான் வளர்த்தது. மற்றதெல்லாம் மொட்டையாக நிற்கும்போது இது ஓர் இலைகூட விடாமல் குச்சி முழுக்கப் பூத்து நிற்கும்.

அதற்கு ஒரே ஒரு பிடிவாதம். போன வருடம் விட்ட குச்சியில்தான் பூக்கும். மொட்டு கோடையிலேயே உள்ளே வந்து உட்கார்ந்துவிடும். பூ உதிர்ந்த கையோடு வெட்டிவிட வேண்டும், அப்புறம் கத்தரி பக்கத்தில் போகக்கூடாது. அதனால் குளிர்காலம் முழுக்கப் பரட்டைத் தலையாகத்தான் நிற்கும்.

பரட்டைத் தலையைப் பார்த்தால் என் கணவருக்குக் கை சும்மா இருக்காது. நாற்பது வருடம் சலூன் வைத்திருந்தவர். கடையை மூடிய பிறகு வாசலில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் பிடரியையெல்லாம் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

அதிகாரி வர மூன்று வாரம் இருக்கும்போது எனக்குக் காய்ச்சல். நாலு நாள் படுத்த படுக்கை. ஐந்தாம் நாள் நான் வேலைக்குக் கிளம்ப, என் கணவரும் துணைக்கு வருகிறேன் என்று கூடவே வந்தார். வாசலில் என் வேலி இடுப்பு உயரத்தில், மயிரிழை பிசகாமல் மட்டமாக நின்றது.

"எப்படி? நீ படுத்துட்டியே, அதிகாரி வந்தா பேச்சு வாங்குவியேன்னு நாலு நாளும் வந்து வெட்டினேன். வாட்ச்மேன் உள்ள விடமாட்டேன்னான். அவன் தலையையும் சேர்த்து வெட்டிவிட்டேன்!"

அவர் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று எனக்கே பயமாக இருந்தது.

"நல்லாயிருக்கு. வீட்டுக்குப் போய் கைக்கு மருந்து போடுங்க" என்றேன்.

அவர் தலை மறைந்ததும் குப்பைக் குழியில் இறங்கினேன். வெட்டிப்போட்ட குச்சிகளில் ஈரம் காயாதவற்றைப் பொறுக்கினேன். அழுதேன், அதைச் சொல்ல என்ன வெட்கம். இரண்டு வாளியில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, குச்சிகளை அதில் நிறுத்தி, சலவை அறைச் சூட்டில் வைத்தேன். தினமும் தண்ணீர் மாற்றினேன். பதினைந்தாம் நாள் பூத்தன. வேலி நிறையப் பூக்க வேண்டியது, ஒரு ஜாடி நிறையத் தேறியது. வரவேற்பு மேசையில் கொண்டுபோய் வைத்தேன்.

அதிகாரி வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தார்.

"பிளாஸ்டிக் பூவெல்லாம் எதுக்கும்மா? தூசி அடையும். எடுத்துடுங்க."

நான் வாயைத் திறப்பதற்குள் வெளியே போய்விட்டார். வேலி முன்னால் நின்று, அதன் மட்டத்தை உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"இதை வெட்டினது யாரு?"

வெளியாள் வந்து கத்தரி எடுத்தான் என்று எப்படிச் சொல்வது? "நான்தாங்க" என்றேன்.

"இவ்வளவு சுத்தமா ஒரு வேலிய நான் எங்கயும் பாத்ததில்ல. வருஷம் முழுக்க இப்படியே இருக்கணும், ஒரு குச்சி நீட்டக் கூடாது. உங்களை நிரந்தரம் பண்ணச் சொல்றேன்."

இது பூக்கிற செடி ஐயா என்று நாக்கு நுனி வரை வந்தது. முழங்கால் விண்விண் என்று தெறித்தது. "சரிங்க ஐயா" என்றேன்.

உத்தரவு வந்த அன்று என் கணவர் அதை மூன்று தரம் படித்தார். இத்தனை சந்தோஷமாக அவரைப் பார்த்து வருடங்கள் ஆகின்றன.

"பாத்தியா, கடைசியில என் கைதான் உனக்கு வேலை வாங்கிக் குடுத்துச்சு! இனி மாசாமாசம் நானே வந்து வெட்டிவிடறேன்." பிறகு ஏதோ ஞாபகம் வந்தவராக, "ஆமா, அதுல ஏதோ மஞ்சளா பூக்கும்னு சொல்லுவியே, இந்த வருஷம் ஏன் பூக்கல?" என்றார்.

"அதுக்கு வயசாயிடுச்சுங்க. இனிமே பூக்காது" என்றேன்.

"பாவம்" என்றார். அவர் உடனே நம்பிவிட்டதுதான் எனக்குத் தாங்கவில்லை.