டிரிப் வண்டிக்கு இது போதும்

ஒரகடம் மேம்பாலத்தில் ஏறும்போதே எழிலரசியின் வேன் இழுக்கவில்லை. ஆக்சிலேட்டரை அழுத்தினால் விசில் போல ஒரு சத்தம் வந்தது. பின்னால் சாலையே தெரியாத அளவுக்கு நீலப் புகை. ஓரங்கட்டி அணைத்தாள்.

வண்டி நிறைய, காலை ஷிப்டுக்குப் போகிற பெண்கள். பென்னலூர் ஹாஸ்டலில் அவர்களை ஏற்றிக் கம்பெனி வாசலில் இறக்கிவிடுவதுதான் அவள் பிழைப்பு.

"லேட்டானா அரை நாள் லீவு போட்டுருவாவ அக்கா. நாங்க ஆட்டோ பிடிச்சுப் போயிருதோம்," என்று சுகப்பிரியா முதலில் இறங்கினாள். துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவர்கள் நடந்து போவதை எழிலரசி பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டியைக் கட்டி இழுத்துப் போன மெக்கானிக் நடேசன், அடியில் படுத்து ஆயில் போல்ட்டைக் கழற்றினார். தண்ணீராகக் கொட்ட வேண்டியது, பாகு போல இழுத்துக்கொண்டு இறங்கியது.

"இது லாரிக்கு ஊத்துற ஆயில்மா. உன் வண்டிக்கு இது ஆவாது. காலைல ஸ்டார்ட் பண்ணா இது மேல ஏறவே நேரமாவும். அதுக்குள்ள எஞ்சினுக்குக் காத்தடிக்கிற டர்போ ஆயில் இல்லாம காய்ஞ்சே சுத்தும். போயிடுச்சி, மாத்தணும்."

எழிலரசி அதைத் தொட்டு விரலிடையே தேய்த்துப் பார்த்தாள். பிசுபிசுவென்று ஒட்டியது. சோப்பு போட்டுக் கழுவியும் நாற்றம் போகவில்லை.

ஊற்றியது யார் என்று அவளுக்குத் தெரியும். அக்கா செந்தாமரையின் வீட்டுக்காரர் அன்பு. கார் கம்பெனியில் எஞ்சின் செக்‌ஷனில் வேலை. "ஷெட்ல வுடாத, ஏமாத்திடுவானுங்க. தெனம் நான் பாக்காத எஞ்சினா?" என்று அவன்தான் போன மாதம் வற்புறுத்தினான். வண்டிக்கு உரிய மெல்லிய ஆயிலைச் சீல் பிரிக்காத கேனாக வாங்கிக்கொண்டு போய்ப் பிள்ளைப்பாக்கத்து வீட்டில் கொடுத்தாள். அவன் வாசலில் ஆயில் மாற்ற, அவள் உள்ளே அக்காவோடு காபி குடித்தாள். அப்புறம் காலையில் எஞ்சின் தடதடத்தபோதெல்லாம் அவனுக்குத்தான் போன் செய்தாள். "புது ஆயில்மா, போவப் போவ செட் ஆயிடும். பயப்படாத," என்றான்.

ஷெட்டிலிருந்து நேரே அங்கே போனாள். நைட் ஷிப்டு முடித்து வந்த அன்பு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். வாசலில் அவனுடைய புதுக் கார் உறை போட்டு நின்றது.

"என் வண்டில இன்னா மாமா ஊத்துன?"

"ஆயில்தான். இன்னா இப்போ?"

"நான் வாங்கிக் குடுத்தது எங்க?"

அவன் தட்டிலிருந்து தலையை எடுக்கவில்லை. "நம்ம கார்க்கும் அதே ஆயில்தான். சர்வீஸ் வந்துச்சி, இதுல ஊத்திட்டேன். ஃப்ரெண்டு லாரில மிச்சம் இருந்துச்சி, உன்துல ஊத்துனேன். நல்ல கெட்டி ஆயில். டிரிப் அடிக்கிற வண்டிக்கு இது போதும்."

மணிக்கட்டுக்கு வழிந்த மீன்குழம்பை நக்கிவிட்டு அடுத்த கவளத்தை உருட்டினான். ஆயிலை எடுத்துக்கொண்டதைக்கூட எழிலரசி பொறுத்திருப்பாள். தெரிந்துகொண்டே போனில் அத்தனை பரிவாகப் பேசினானே, அந்தக் குரல் காதுக்குள் நெளிந்தது.

சமையலறையிலிருந்து வந்த செந்தாமரை, "ஆயிலு கம்பெனில குடுத்தாங்கன்னு சொன்ன?" என்று புருஷனிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"ஒரே குடும்பம்தானே. இதப் போய் பெருசா பேசிக்கினு."

செந்தாமரை ஆணியில் மாட்டியிருந்த கார் சாவியை எடுத்துத் தங்கையிடம் நீட்டினாள். "உன்து ரெடியாவுற வரைக்கும் இத்த ஓட்டு."

"ஒயிட் போர்டு சொந்தக் காரு, அக்கா. டிரிப் போவக் கூடாது." கொஞ்சம் நிறுத்தி, "போவலாம்னாலும் வேணாம். அதுல ஏற எனக்குக் கூசுது," என்றாள் எழிலரசி.

"வண்டிய ரஃப்பா ஓட்டிட்டு எம்மேல பழி போடுறியா?" என்று அன்பு சிரித்தான். செந்தாமரை அவன் முன்னாலிருந்த குழம்புச் சட்டியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

டர்போ வந்து சேர்வதற்குள் ஹாஸ்டல் டிரிப்பை வேறு வேனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அந்த நாட்களில் எழிலரசி மணிமங்கலம் பக்கம் இன்னொருவர் வண்டியை ஓட்டினாள். சொந்த வண்டி தயாரானதும் சுகப்பிரியாதான் மற்ற பெண்களிடம் பேசி, பாதிப் பேரை அழைத்து வந்தாள்.

பொங்கலுக்கு அக்காவும் அன்புவும் வந்தார்கள். "வாங்க," என்றாள். தண்ணீர் கொடுத்தாள். அவன் டம்ளரை வைத்துவிட்டு அவள் வண்டியைச் சுற்றி வந்தான். பானெட்டின் மேல் உள்ளங்கையைப் பதித்து, "தொற, ஆயில் லெவல் பாக்கலாம்," என்றான்.

"கைய எடு மாமா."

அக்கம்பக்கத்தார் பார்த்தார்கள். அன்பு கையை எடுத்தான். எழிலரசி சீட்டுக்கு அடியிலிருந்து துணியை எடுத்து, அவன் கை பட்ட இடத்தை அவன் கண்ணெதிரிலேயே துடைத்தாள். செந்தாமரை அவளைத் தடுக்கவில்லை.